பெயர் காட்டும் வழி

நுழையும்முன்
அரசர் வரலாற்றைக் கல்வெட்டுகள் கூறும். ஊர்விட்டு ஊர் சென்று உழைத்த எளியோர் வரலாற்றை எது கூறும்? மக்கள்தொகைக் கணக்கெடுப்பு ஏடுகளில் உள்ள குடும்பப் பெயர்கள் கூறும்.

பிரிட்டனில் 1801 முதல் பத்தாண்டுக்கு ஒருமுறை மக்கள்தொகை கணக்கிடப்பட்டது. தொடக்கத்தில் எண்ணிக்கையே முதன்மை பெற்றது. 1841இல் நாடு முழுவதும் ஒவ்வொருவர் பெயரும் பதிவாயிற்று. 1851இல் பிறந்த ஊரும் சேர்ந்தது.

பிரிட்டனின் மேற்குப் பகுதியான வேல்சில் முற்காலத்தில் நிலையான குடும்பப் பெயர் வழக்கில் இல்லை. நம்மைப் போலவே அவர்களும் தந்தை பெயரைத் தம் பெயருடன் இணைத்தனர். 'அப்' என்னும் வேல்சு மொழிச் சொல் மகனைக் குறிக்கும். 'அப் ஹவெல்' மருவிப் 'பவல்' ஆயிற்று. 'அப் ரீஸ்' 'பிரைஸ்' ஆயிற்று.

1881ஆம் ஆண்டு ஏடுகளில் பவல் என்னும் பெயர் பிரெக்னாக், ஹெரிபோர்டு ஆகிய எல்லைப்புற மாவட்டங்களில் செறிந்துள்ளது. கிளமார்கன் நிலக்கரிச் சுரங்க ஊர்களிலும் அப்பெயர் உண்டு. அங்குள்ளோர் பலரின் பிறந்த ஊரை நோக்கினால், வேளாண் சிற்றூர்களிலிருந்து வேலை தேடி வந்தமை புலனாகும். பெயர் பூர்விகத்தைச் சுட்டுகிறது. பிறந்த ஊர் பயணத்தை உறுதி செய்கிறது.

எனினும், பவல் என்போர் அனைவரும் ஒரு குடியினர் அல்லர். ஹவெல் என்னும் பெயருடைய தந்தையர் பலர் இருந்தனர். ஆதலின், பெயரை மட்டும் கொண்டு உறவை முடிவு செய்தல் பிழையாகும்.

தெரிந்து தெளிவோம்
இங்கிலாந்து, வேல்சு பகுதிகளின் 1931ஆம் ஆண்டு ஏடுகள் 1942இல் தீக்கிரையாயின. போரின் காரணமாக 1941இல் கணக்கெடுப்பு நடைபெறவில்லை. இதனால், 1921க்கும் 1951க்கும் இடைப்பட்ட காலத்தில் அப்பகுதி மக்களின் பெயர்களைக் கூறும் கணக்கெடுப்பு ஏடு ஏதும் இல்லை.