எக்ஸ்குவெரியில் மாட்யூல் இறக்குமதி: நம்பிக்கைகளும் உண்மைகளும்

எக்ஸ்எம்எல் ஆவணங்களை வினவுவதற்கென டபிள்யூ3சி அமைப்பு 2007இல் பரிந்துரையாக வெளியிட்ட எக்ஸ்குவெரி மொழியில், செயற்கூறுகளையும் மாறிகளையும் தனியே தொகுத்து வைக்கும் நிரற்பகுதி நூலக மாட்யூல் எனப்படுகிறது. அதை நிரல் ஓடுமுன்பே இணைத்துவிடும் நிலை இறக்குமதி தொடக்கம் முதலே மொழியில் உள்ளது; ஓடும்போது இணைக்கும் இயங்கு இறக்குமதியோ 2017இல் வந்த 3.1 பதிப்பில்தான் தரப்படுத்தப்பட்டது. ஒன்று இருக்குமிடத்தில் மற்றொன்றை அப்படியே வைத்துவிடலாம் என்ற எண்ணம் பல பிழைகளுக்கு இடம் தருகிறது.

நம்பிக்கை: நிலை இறக்குமதிக்கான 'இம்போர்ட் மாட்யூல்' கூற்றில் மாட்யூலின் முகவரியை ஒரு மாறியாகத் தரலாம்.

உண்மை: இக்கூற்று நிரலின் தலைப்பகுதியான புரோலாகில் மட்டுமே இடம்பெற முடியும் என்பதோடு, அதில் மாட்யூலைக் குறிக்கும் பெயர்வெளி முகவரி மேற்கோள் குறிகளுக்குள் நேராக எழுதப்பட்ட சரமாகவே இருக்க வேண்டும். செயற்கூறுகளின் பெயர்களும் அவை ஏற்கும் உள்ளீடுகளின் எண்ணிக்கையும் நிரல் ஓடுமுன்பே அதை ஓட்டும் செயலிக்குத் தெரிந்தாக வேண்டும். மாறியின் மதிப்போ ஓடும்போதுதான் கணிக்கப்படுகிறது.

நம்பிக்கை: இயங்கு இறக்குமதிக்கான 'லோட்-எக்ஸ்குவெரி-மாட்யூல்' செயற்கூறை அழைத்தபின், மாட்யூலில் உள்ளவற்றை வழக்கம்போலப் பெயரிட்டு அழைக்கலாம்.

உண்மை: மிகுதியாகத் தடுமாற்றம் தருவது இதுவே. அந்த அழைப்பு எந்தப் பெயரையும் அழைக்கும் நிரலுக்குள் அறிமுகப்படுத்துவதில்லை; மாறாக, சாவியும் மதிப்பும் இணைந்த மேப் ஒன்றைத் திருப்பித் தருகிறது. அதன் 'ஃபங்ஷன்ஸ்' பிரிவில் முதலில் செயற்கூறின் பெயரையும், அடுத்து உள்ளீடுகளின் எண்ணிக்கையையும் சாவியாகக் கொடுத்தால்தான் செயற்கூறு கைக்குக் கிடைக்கும். பெயரை ஓர் எழுத்து பிழையாகத் தந்தால் நிலை இறக்குமதியில் நிரல் ஓடவே தொடங்காது. மேப்பிலோ வெறுமையான தொடரே விடையாக வர, அதை அழைக்க முற்படும் கணத்தில், அதாவது நிரல் பாதிவழி சென்றபின், பிழை எழுகிறது.

நம்பிக்கை: மாட்யூல் இல்லாமற்போனால் 'டிரை-கேட்ச்' எப்படியும் காப்பாற்றும்.

உண்மை: அது ஓடும்போது எழும் பிழைகளையே பிடிக்கும் என்பதால், நிலை இறக்குமதியின் தோல்வி அதற்கு எட்டாது, இயங்கு இறக்குமதியின் தோல்வி எட்டும்.

நம்பிக்கை: இயங்கு இறக்குமதி புதியது, ஆகவே எங்கும் அதுவே மேலானது.

உண்மை: முன்கூட்டியே அறிந்த மாட்யூலுக்கு நிலை இறக்குமதியே தக்கது, ஏனெனில் வகைச் சரிபார்ப்புக்கும் வேகத்தைக் கூட்டும் மாற்றங்களுக்கும் அதுவே செயலிக்கு இடமளிக்கிறது. எந்த மாட்யூல் தேவைப்படும் என்பது ஓடும்போதுதான் தெரியவரும் செருகுநிரல் அமைப்புகளில் இயங்கு இறக்குமதி உண்மையான பயன் தருகிறது. அங்கும் பயனர் தரும் முகவரியை, அனுமதிக்கப்பட்ட பட்டியலோடு ஒப்பிடாமல் ஏற்பது, முன்பின் அறியாத நிரலைச் செயலியின் முழு உரிமைகளோடும் ஓடவிடுவதற்குச் சமமாகும்.