வெள்ளம் யாரைக் கொல்கிறது? ஐந்து நம்பிக்கைகளும் உண்மைகளும்

2015, 2021, 2023 என்று சென்னை திரும்பத் திரும்ப முழுகி எழுகிறது. ஒவ்வொரு முறையும் மழையளவையும் ஏரி மட்டத்தையும் அலசுகிறோம். யார் செத்தார்கள், யார் பிழைப்பை இழந்தார்கள் என்ற கேள்விக்கு மட்டும் பழகிப்போன பதில்களையே சொல்லிவருகிறோம்.

நம்பிக்கை 1: வெள்ளத்துக்கு ஏழை, பணக்காரர் பேதம் கிடையாது.

உண்மை: 2015 டிசம்பர் 1 அன்று செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து வினாடிக்கு 29,000 கன அடி வரை தண்ணீர் திறக்கப்பட்டது. கோட்டூர்புரத்தில் அடையாற்று வெள்ளம் பங்களாக்களிலும் புகுந்தது, வாரியக் குடியிருப்புகளிலும் புகுந்தது. பங்களாவில் இருந்தவர்களுக்கு மாடி இருந்தது, கார் இருந்தது, போய்த் தங்க இடம் இருந்தது. சைதாப்பேட்டை ஆற்றோரத்தில் ஒற்றை அறையில் வாழ்ந்தவர்களுக்கு அந்த அறைதான் மொத்தச் சொத்து. தவணையில் வாங்கிய ஃபிரிட்ஜ், தையல் மெஷின், ரேஷன் கார்டு, பிள்ளைகளின் மார்க் ஷீட் எல்லாம் ஒரே இரவில் போயின. தொலைந்த ஆவணங்களுக்கு நகல் கொடுக்க அரசு தனி முகாம்களே நடத்த வேண்டிவந்தது.

நம்பிக்கை 2: வெள்ளச் சாவு என்றால் ஆற்றில் அடித்துச் செல்லப்படுவதுதான்.

உண்மை: 2015 மழையில் தமிழகத்தில் 400-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். மணப்பாக்கத்தில் ஒரு தனியார் மருத்துவமனைக்குள் தண்ணீர் புகுந்து ஜெனரேட்டர் நின்றது. அந்நாட்களில் அங்கே சிகிச்சையில் இருந்த 18 பேர் இறந்தார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது, வேளச்சேரியில் கட்டடத்துக்குத் தோண்டிய பள்ளத்தில் மண் சரிந்து தொழிலாளர் இருவர் மாண்டார்கள். உடல்களை மீட்கவே நாட்கள் ஆயின. மின்கசிவு, சுவர் இடிதல், எலிக்காய்ச்சல், டயாலிசிஸுக்குப் போக முடியாமை என்று வெள்ளம் கொல்லும் வழிகள் பல.

நம்பிக்கை 3: நல்ல ஏரியாவில் சொந்த வீடு இருந்தால் பயமில்லை.

உண்மை: 2015-இல் டிஃபன்ஸ் காலனியில் ஒரு முதிய தம்பதி தங்கள் வீட்டுக்குள்ளேயே மூழ்கி இறந்தார்கள். பிள்ளைகள் வெளிநாட்டில், பெற்றோர் தரைத்தளத்தில் என்ற நிலை மயிலாப்பூரிலும் அடையாறிலும் சகஜம். மூட்டுவலியோடு இருப்பவருக்கும், சக்கர நாற்காலியில் இருப்பவருக்கும், இருட்டில் முழங்கால் தண்ணீரே ஆபத்து. வசதி இருந்தாலும், தூக்கிவிட ஆள் வேண்டும்.

நம்பிக்கை 4: ஆற்றோரக் குடிசைகளை அகற்றினால் வெள்ளம் தீரும்.

உண்மை: தி. நகரே 1920-களில் ஏரியைத் தூர்த்து உருவான ஊர். 2021 நவம்பரில் அங்கே நாள்கணக்கில் தண்ணீர் தேங்கியதற்குக் குடிசைகள் காரணமல்ல; மாம்பலம் கால்வாய் அடைபட்டிருந்தது. மயிலாப்பூரில் பக்கிங்ஹாம் கால்வாய்க்குள்ளேயே பறக்கும் ரயிலின் தூண்கள் நிற்கின்றன. விமான நிலையத்தின் இரண்டாவது ஓடுபாதை அடையாற்றின் குறுக்கே போகிறது. ஆனால் 2015-க்குப் பிறகு வீட்டைவிட்டுப் பெயர்க்கப்பட்டவர்கள் கரையோர ஏழைகள். அவர்களுக்கு வீடு கொடுத்த பெரும்பாக்கம் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை ஒட்டியது. அங்கேயும் மழைத் தண்ணீர் தேங்குகிறது. நகரத்துக்குள் வீட்டு வேலை செய்துவந்த பெண்கள் பலருக்குத் தூரத்தால் வேலையும் போயிற்று.

நம்பிக்கை 5: தண்ணீர் வடிந்தால் வெள்ளம் முடிந்தது.

உண்மை: கூலி வேலைக்காரருக்கு அன்றுதான் வெள்ளம் தொடங்குகிறது. வேலையில்லாத நாட்களுக்கு வட்டிக்கு வாங்கிய கடன் அடுத்த மழை வரை துரத்தும். 2015-இல் சென்னையின் சேற்றையும் குப்பையையும் அள்ள வெளி மாவட்டங்களிலிருந்தெல்லாம் தூய்மைப் பணியாளர்கள் வந்தார்கள். பலருக்குக் கையுறையும் இல்லை, பூட்ஸும் இல்லை. 2025 ஆகஸ்டில் கண்ணகி நகரில் மழைநீர் தேங்கிய தெருவில் மின்சாரம் பாய்ந்து ஒரு தூய்மைப் பணியாளர் இறந்தார். நகரத்தைச் சுத்தம் செய்பவர்தான் அதன் ஆபத்தையும் முதலில் சந்திக்கிறார்.

வெள்ளத்தில் யார் சாகக்கூடும் என்பது முன்கூட்டியே தெரிந்த விஷயம்: தரைத்தளத்து முதியவர், படுக்கையில் இருக்கும் நோயாளி, மாற்றுத்திறனாளி, நடைபாதையில் படுப்பவர், பள்ளத்தில் வேலை செய்யும் தொழிலாளி. அக்டோபரில் பருவமழை தொடங்குமுன் ஒவ்வொரு வார்டிலும் இவர்களின் பட்டியல் இருக்க வேண்டும். எச்சரிக்கை வரும்போது யார் யாரைத் தூக்கி எங்கே கொண்டுபோவது என்பதும் அதில் எழுதியிருக்க வேண்டும். வடிகாலுக்குச் செலவிடுவதைப் போலவே இதற்கும் பணமும் ஆளும் ஒதுக்கும்படி மாநகராட்சியைக் கேட்பது நம் உரிமை, நம் கடமையும்கூட.