சிரைக்குள் வளரும் கட்டி

மரத்தின் வேர், நிலத்தடிக் குழாயின் சிறு விரிசல் வழியே உள்ளே புகுந்து, குழாய் நெடுக வளர்ந்து விடுவதுண்டு. நம் உடலின் இரத்தக் குழாய்க்குள்ளும் இப்படி ஒரு கட்டி வளரக்கூடும் என்றால் வியப்பாக இருக்கிறதல்லவா?

சிறுநீரகத்தில் தோன்றும் சில புற்றுநோய்க் கட்டிகளுக்கு இந்த இயல்பு உண்டு. கட்டி முதலில் சிறுநீரகச் சிரைக்குள் நுழைகிறது. அங்கிருந்து கீழ்ப்பெருஞ்சிரையை அடைகிறது. உடலின் கீழ்ப்பகுதியிலிருந்து அசுத்த இரத்தத்தை இதயத்துக்குக் கொண்டு செல்வது இச்சிரை என்பதைப் பாடத்தில் படித்திருப்பீர்கள். இரத்தம் ஓடும் திசையிலேயே கட்டியும் மேல்நோக்கி நீள்கிறது. சிலருக்கு அது இதயத்தின் வலது ஆரிக்கிளையே எட்டிவிடும்! சிறுநீரகப் புற்றுநோயாளிகள் நூறு பேரில் ஏறத்தாழ 4 முதல் 10 பேருக்குக் கட்டி இவ்வாறு சிரைக்குள் புகுகிறது.

ஆபத்து எங்கே?

இக்கட்டி பெரும்பாலும் சிரையின் சுவரில் ஒட்டாமல் உள்ளே தொங்கிக் கொண்டிருக்கும். ஆகவே அதை வெளியே எடுத்துவிட முடியும். ஆனால் எடுக்கும்போது ஒரு துண்டு உடைந்தால் என்ன ஆகும்? சிரைகள் இதயத்தை நெருங்க நெருங்க அகலமாவதால் வழியில் அது தடைபடாது. இதயத்தைக் கடந்து நுரையீரல் தமனிக்குள் செல்லும். அங்கே கிளைகள் குறுகிக்கொண்டே போவதால் எங்கேனும் சிக்கி இரத்த ஓட்டத்தை அடைத்துவிடும். உயிருக்கே ஆபத்து! எனவே கட்டியின் மேல்நுனி எங்கே இருக்கிறது என்பதை, கத்தியைத் தொடுமுன்பே மருத்துவர் அறிந்தாக வேண்டும்.

உள்ளே பார்ப்பது எப்படி?

சாதாரண எக்ஸ் கதிர்ப் படத்தில் இரத்தமும் கட்டியும் வேறுபட்டுத் தெரிவதில்லை. சி.டி. ஸ்கேன் கருவியோ பல கோணங்களில் எக்ஸ் கதிர்களைச் செலுத்தி, கணிப்பொறியின் உதவியால் உடலின் குறுக்குவெட்டுப் படங்களைத் தருகிறது. 1971-இல் இலண்டனில் முதன்முதலாக ஒரு நோயாளிக்கு இது பயன்பட்டது. இதற்காக ஹவுன்ஸ்ஃபீல்டு, கார்மாக் இருவரும் 1979-இல் நோபல் பரிசு பெற்றனர்.

அயோடின் கலந்த மருந்தை ஊசி மூலம் இரத்தத்தில் செலுத்திப் படமெடுத்தால் இரத்தம் வெண்மையாகத் தெரியும். அடைப்பு உள்ள இடம் கருமையாகத் தெரியும். அந்த அடைப்பு கட்டியா, வெறும் உறைந்த இரத்தமா? கட்டிக்குள் அதற்கென்று நுண்ணிய இரத்தக் குழாய்கள் உண்டு. மருந்து அவற்றில் பாய்வதால் கட்டியும் ஓரளவு ஒளிரும். உறைந்த இரத்தம் ஒளிராது.

காந்தப்புலத்தையும் வானொலி அலைகளையும் கொண்டு படமெடுக்கும் எம்.ஆர்.ஐ. கருவி, கட்டியின் நுனியையும், சிரைச் சுவரைக் கட்டி அரித்துள்ளதா என்பதையும் காட்ட உதவுகிறது.

நுனியே வழிகாட்டி

நுனி கல்லீரலுக்குக் கீழே இருந்தால், இரத்த ஓட்டத்தைக் கவ்விகளால் நிறுத்தி, சிரையைத் திறந்து, கட்டியை எடுத்துத் தைத்துவிடலாம். கல்லீரலின் பின்புறம் வரை சென்றிருந்தால், கல்லீரலை மெல்ல நகர்த்தியே சிரையை அணுக வேண்டும். உதரவிதானத்தைத் தாண்டி இதயத்துக்குள் புகுந்திருந்தால், இதய அறுவை மருத்துவரும் உடனிருக்க வேண்டும். பெரும்பாலும் இதய-நுரையீரல் இயந்திரமும் தேவைப்படும். கட்டி நாளுக்கு நாள் வளரக்கூடியது. எனவே பழைய படத்தை நம்பாமல், அறுவைக்குச் சில நாட்களுக்கு முன் மீண்டும் படமெடுப்பார்கள்.

சிந்தித்து விடை காண்க

வலது சிறுநீரகக் கட்டி கீழ்ப்பெருஞ்சிரைக்குள் சிறிதளவே நீண்டிருக்கிறது. மருத்துவர் அதன் மேலே ஒரு கவ்வியும் கீழே ஒரு கவ்வியும் இடுகிறார். ஆயினும் மூன்றாவதாக இடது சிறுநீரகச் சிரையிலும் ஒரு கவ்வி இடுகிறார். ஏன்? உங்கள் உயிரியல் நூலிலுள்ள சிரை மண்டலப் படத்தை எடுத்துப் பாருங்கள். விடை அதிலேயே இருக்கிறது.