விசையின் திசையும் இடமும்

கொசத்தலை ஆறு கடலோடு கலக்கும் எண்ணூர் முகத்துவாரத்தில் நின்று பார்ப்போர்க்கு இருவகை உழைப்பு ஒருங்கே தென்படும். ஒருபுறம் குப்பத்து மீனவர்கள் படகைக் கரையேற்றுகின்றனர். வலையை உதறி உலர்த்துகின்றனர். மறுபுறம், முகத்துவாரத்துக்கு வடக்கே, 2001-ஆம் ஆண்டில் திறக்கப்பெற்று 2014 முதல் காமராசர் பெயரைத் தாங்கி வரும் துறைமுகத்தில், பெருங்கப்பல்கள் தடித்த வடங்களால் பிணிக்கப்பட்டு நிற்கின்றன. முன்னது கைவேலை, பின்னது எந்திர வேலை என்று நாம் பிரித்துப் பேசுகிறோம். ஆயினும் இரண்டையும் ஆளும் விதிகள் ஒன்றே. அவை விசையைப் பற்றிய விதிகளாம்.

இவ்விதிகள் பொறியியற் கல்லூரி மாணவர்க்கு மட்டும் உரியன அல்ல. கிணறு தோண்டுவோர், வீடு கட்டுவோர், சிறு பாலப் பணிகளை மேற்பார்வையிடும் ஊராட்சி உறுப்பினர் ஆகிய யாவரும் இவற்றை அறிந்திருத்தல் வேண்டும். அறிந்திருந்தும் உரிய வேளையில் நினையாமையால் ஒரு தொழிலாளியின் கால் நசுங்கியதை நானே கண்டிருக்கிறேன். அப்பிழையில் எனக்கும் பங்கு உண்டு. அதனைப் பின்னர்க் கூறுவேன்.

விசை என்பது யாது?

ஒரு பொருளின் நிலையையோ, இயக்கத்தையோ, வடிவத்தையோ மாற்றுவது அல்லது மாற்ற முயல்வது விசையாகும். தள்ளுவதும் இழுப்பதும் விசை. ‘முயல்வது’ என்னும் சொல் இங்கே கருதத்தக்கது. ஒருவன் சுவரைத் தள்ளுகிறான், சுவர் நகர்வதில்லை. அதனால் அவன் விசை செலுத்தவில்லை என்று கூறலாகாது. சுவரின் அடித்தளமும் அதனைப் பற்றியுள்ள மண்ணும் எதிர்த்து நின்று அவ்விசையை ஈடு செய்கின்றன. இவ்வாறு விசைகள் ஒன்றையொன்று ஈடு செய்து நிற்பதையே சமநிலை என்கிறோம். ஊரில் அசையாது நிற்கும் ஒவ்வொரு கூரையும், ஒவ்வொரு நீர்த்தொட்டியும் ஓயாத விசைகளுக்கிடையே சமநிலையில் நிற்பவையே.

எடை என்பதும் ஒரு விசையே. ஒரு கிலோகிராம் பொருளைப் பூமி ஏறத்தாழ 9.8 நியூட்டன் விசையுடன் தன்பால் இழுக்கிறது. பொறியாளர்கள் நியூட்டன் என்னும் அலகினாலேயே கணக்கிடுவர். நாம் எளிமை கருதி, இக்கட்டுரையில் விசையைக் கிலோ எடையாகவே குறிப்போம்.

அரிசியை ‘ஐந்து கிலோ’ என்று சொன்னால் போதும். சொல்ல வேண்டியது வேறொன்றும் இல்லை. விசையோ அத்தகையதன்று. அதன் அளவு, அது செல்லும் திசை, அது செயற்படும் இடம் ஆகிய மூன்றையும் கூறினாலன்றி விசையை முழுமையாகக் கூறியதாகாது. கதவைக் கீலுக்கு அருகில் எவ்வளவு தள்ளினும் எளிதில் திறவாது. ஓரத்தில் சிறிதே தள்ளினும் திறந்துவிடும். பெரும்பாலோர் அளவை மட்டும் கேட்டறிந்து மற்ற இரண்டையும் மறந்துவிடுகின்றனர். பணியிடங்களில் நேரும் விபத்துகள் பலவற்றுக்கு இம்மறதி காரணமாகிறது.

வலை கற்பிக்கும் கூட்டல்

சோழமண்டலக் கரையில் நெடுங்காலமாக வழங்கி வருவது கரைவலை. பெரியவலை என்றும் இதனைக் கூறுவர். வலையைக் கடலில் வளைத்து விட்டு, அதன் இரு கயிறுகளையும் கரையில் நிற்கும் இரு குழுவினர் பற்றி இழுப்பர். குதிகாலால் அவர்கள் மணலைக் கடல்நோக்கி உதைக்கின்றனர். மணல் அவர்களைக் கரைநோக்கித் தள்ளுகிறது. ஒவ்வொரு விசைக்கும் சமமான எதிர்விசை ஒன்று உண்டு என்னும் நியூட்டனின் மூன்றாம் விதிக்கு இதனினும் நல்ல சான்று வேண்டுவதில்லை.

தொடக்கத்தில் இரு குழுவினரும் நெடுந்தொலைவு விலகி நிற்பர். வலை கரையை அணுக அணுக, இழுத்துக்கொண்டே ஒருவரையொருவர் நெருங்கி வருவர். ஒவ்வொரு குழுவும் 100 கிலோ விசையுடன் இழுப்பதாகக் கொள்வோம். இரண்டும் சேர்ந்தால் 200 கிலோ ஆகுமா? கயிறுகள் இணையாக இருந்தால் மட்டுமே ஆகும். கயிறுகளுக்கு இடையே 120 பாகைக் கோணம் இருப்பின், வலையைக் கரைநோக்கி இழுக்கும் பயன் 100 கிலோ மட்டுமே. கோணம் 60 பாகையாகக் குறைந்தால் அது 173 கிலோவாக உயரும். எஞ்சிய முயற்சி வீணாவது எங்ஙனம்? ஒரு குழு வடக்கே இழுக்க, மற்றது தெற்கே இழுக்க, அப்பகுதிகள் ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன.

இரு விசைகளை இரு பக்கங்களாகக் கொண்டு ஓர் இணைகரம் வரைந்தால், அதன் மூலைவிட்டமே இரண்டின் தொகுபயனைக் காட்டும். இதற்கு விசை இணைகர விதி என்று பெயர். தாளும் அளவுகோலும் கோணமானியும் உடைய எந்தப் பள்ளிச் சிறுவனும் இதனை வரைந்து பார்க்கலாம்.

குட்டைக் கயிறு செய்த கேடு

இனி, நான் குறிப்பிட்ட நிகழ்ச்சியைக் கூறுகிறேன். சில ஆண்டுகளுக்கு முன், கடற்கரையை அடுத்த சிற்றூர் ஒன்றில் உறைக்கிணறு அமைத்துக்கொண்டிருந்தோம். கான்கிரீட் உறை ஒவ்வொன்றும் சற்றேறக்குறைய 300 கிலோ எடையுள்ளது. உறையின் இரு எதிர்ப்புறங்களில் கயிற்றைக் கட்டி, அதன் நடுவைக் கொக்கியில் மாட்டித் தூக்கினர். கயிறு 400 கிலோ வரை தாங்கவல்லது. கயிற்றுக்கு இரு கைகள் உள்ளமையால் ஆளுக்கு 150 கிலோதான் வரும், போதுமானது என்று நானும் தலையசைத்தேன்.

கொக்கி தொங்கிய முக்காலிச் சட்டம் உயரம் குறைந்ததாக இருந்தது. ஆகவே உறை கிணற்றின் விளிம்பைத் தாண்டும் பொருட்டுக் கயிற்றைக் குட்டையாகக் கட்டினர். கயிற்றின் இரு கைகளும் ஏறக்குறையப் படுத்த நிலையில், 150 பாகை விரிந்து நின்றன. உறை தரையை விட்டு ஒரு சாண் எழும்பியதும் கயிறு அறுந்தது. அருகில் நின்ற தொழிலாளியின் காலில் உறையின் விளிம்பு விழுந்தது. அவர் மூன்று மாதம் வேலைக்குச் செல்ல இயலாமற் போயிற்று.

கயிறு பழுதானதன்று, எடையும் மிகுதியன்று. பிழை கோணத்தில் இருந்தது. ஒவ்வொரு கையும் மேல்நோக்கி 150 கிலோ தர வேண்டும் என்பது உண்மை. ஆனால் சாய்ந்த கயிற்றின் இழுவிசையில் ஒரு பகுதியே மேல்நோக்கிச் செயற்படும். கயிறு எவ்வளவு படுக்கிறதோ, அவ்வளவுக்கு அப்பகுதி சிறுத்துவிடும். கைகள் 60 பாகை விரிந்தால் ஒவ்வொன்றிலும் 173 கிலோ. 90 பாகையில் 212 கிலோ. 120 பாகையில் முழு எடையாகிய 300 கிலோ. 150 பாகையில் 580 கிலோ. வலையிழுப்போர் நெருங்கி வருவதன் பொருளை அன்று நான் நினைத்திருந்தால், அந்தக் கயிற்றைத் தூக்க விட்டிரேன்.

இதற்குக் கணக்கறியாதாரும் கைக்கொள்ளத்தக்க எளிய விதி ஒன்று உண்டு. கயிற்றைக் கட்டும் இரு இடங்களுக்கு இடையே எவ்வளவு தொலைவோ, கயிற்றின் ஒவ்வொரு கையும் அதற்குக் குறையாத நீளம் உடையதாக இருத்தல் வேண்டும். அப்பொழுது விரிவு 60 பாகையைத் தாண்டாது. அதன் மேலும், கணக்கில் வரும் இழுவிசையைப் போலப் பன்மடங்கு தாங்கும் கயிற்றையே கொள்ள வேண்டும்.

சுமை யார் தோளில்?

திசையைக் கண்டோம், இடத்தைக் காண்போம். 60 கிலோ மீன் கூடையை 3 மீட்டர் நீளமுள்ள மூங்கிலில் கோத்து இருவர் சுமக்கின்றனர். கூடை நடுவில் தொங்கினால் ஆளுக்கு 30 கிலோ. முன்னவரிடமிருந்து ஒரு மீட்டரில் தொங்கினால், முன்னவர்க்கு 40, பின்னவர்க்கு 20. எடை மாறவில்லை, இடம் மாறியது. விசையை அதன் தொலைவால் பெருக்கி வருவதே திருப்புத்திறன். முன்னவர் தோளைத் தாங்குமிடமாகக் கொண்டால், கூடையின் திருப்புத்திறன் 60 பெருக்கல் 1. பின்னவரின் திருப்புத்திறன் 20 பெருக்கல் 3. இரண்டும் 60 ஆகிச் சமமாகின்றன. பாலத்தின் உத்தரத்தைத் தாங்கும் இரு சுவர்களுக்கும் இதே கணக்குத்தான்.

சாய்ந்து வரும் அலை

விசைகளைக் கூட்டுவது போலவே ஒரு விசையை இரு கூறாகப் பிரிக்கவும் இயலும். வடசென்னைக் கரையின் வரலாறே இதற்குச் சான்று. ஆண்டின் பெரும்பகுதியில் அலைகள் தெற்கிலிருந்து சாய்ந்து வந்து கரையை மோதுகின்றன. அம்மோதலின் ஒரு கூறு கரையை நேரே தாக்குகிறது. மற்றொரு கூறு கரையை ஒட்டி மணலை வடக்கே தள்ளிச் செல்கிறது. வடகிழக்குப் பருவக்காற்றின் காலத்தில் இத்திசை மாறினும், ஆண்டு முடிவில் மணல் வடக்கு நோக்கியே மிகுதியாகச் செல்கிறது. 1876-இல் சென்னைத் துறைமுகச் சுவர்கள் எழத் தொடங்கியதும் அம்மணல் தெற்கே தடைப்பட்டது. மெரினா அகன்றது, வடக்கே இராயபுரம் முதல் எண்ணூர் வரையுள்ள கரை அரிப்புக்கு இலக்காயிற்று. குப்பங்கள் பல தம் மணற்பரப்பை இழந்தன. கற்சுவர்களும், தூண்டில் வளைவு என மக்கள் வழங்கும் குறுக்குக் கற்கரைகளும் இதனாலேயே தேவைப்பட்டன.

அக்கற்களின் எடையும் விசைக் கணக்கே. நீர் தன்னுள் மூழ்கிய பொருளை மேலே தூக்குவதால், ஒரு டன் கருங்கல் கடல்நீருள் ஏறத்தாழ 610 கிலோவாகவே எடை காட்டும். மேலும், அலையின் உயரம் இரு மடங்கானால் அதனை எதிர்க்கும் கல்லின் எடை எட்டு மடங்காதல் வேண்டும். 1881-ஆம் ஆண்டுப் புயலில், முடியும் நிலையிலிருந்த துறைமுகச் சுவர்களே சிதைந்து போயின என்றால், சிறு கற்களை அள்ளிக் கொட்டிப் பொதுப்பணத்தைக் கடலில் கரைப்பது எவ்வளவு பேதைமை என்பது விளங்கும்.

தூணைச் சுற்றிய வடம்

இறுதியாக, நமக்கு நண்பனாகிய உராய்வு. படகை மணலில் இழுப்பவர்க்கு இது பகை. ஆனால் கப்பலை நிறுத்துபவர்க்கு உற்ற துணை. துறைமுகத்தில் வடத்தைத் தூணில் சுற்றியே பிடிப்பர். சாதாரணக் கயிற்றை ஒரு சுற்றுச் சுற்றினால், கையின் பிடியைப் போல ஆறு மடங்குக்கு மேற்பட்ட இழுப்பைத் தாங்கலாம். இரு சுற்றானால் நாற்பது மடங்கு. 300 கிலோ உறையை இறக்குவதற்கு ஏழெட்டுக் கிலோ பிடியே போதுமானதாகிறது. ஈரமான கயிறும் வழவழப்பான நைலான் கயிறும் எளிதில் வழுக்கும். அவற்றுக்கு மேலும் ஒரு சுற்று வேண்டும். ஒன்றை மறவற்க: விசை மறைந்து போவதில்லை, அது கையிலிருந்து தூணுக்கு மாறுகிறது. எனவே தூணை ஆழமாக ஊன்றிய பின்னரே கயிற்றைச் சுற்ற வேண்டும்.

கால் நசுங்கிய அந்தத் தொழிலாளி குணமடைந்து மீண்டும் எங்களிடமே பணிக்கு வந்தார். இன்று உறை இறக்குமுன் கயிற்றின் கையை உறையின் அகலத்தோடு அளந்து பார்க்கும் பொறுப்பு அவருடையது. கயிறு குட்டையாக இருந்தால், சட்டத்தை உயர்த்திய பின்னரே வேலை தொடங்கும். நான் நேரில் நின்று அவசரப்படுத்தினாலும் அவர் இசைவதில்லை. ஒவ்வோர் ஊராட்சியிலும் இத்தகையவர் ஒருவர் வேண்டும். சுமையைத் தூக்கும் முன் மூன்று கேள்விகளை அவர் உரக்கக் கேட்கட்டும்: விசை எவ்வளவு? எத்திசையில்? எவ்விடத்தில்? இம்மூன்றுக்கும் விடை கிடைத்த பின்னரே கயிறு இறுகட்டும்.