மன்னார் வளைகுடாவின் பவளத் தீவுகள்

கடற்கரை இல்லாத மாவட்டம் நம் தருமபுரி. ஒகேனக்கல்லில் பரிசலேறி அருவியின் எழிலைக் கண்டு மகிழும் நமக்குக் கடல் என்றாலே தனி ஆவல். கல்விச் சுற்றுலாவில் இராமேசுவரம் செல்வோர் கோயிலையும் பாம்பன் பாலத்தையும் கண்டு திரும்புகின்றனர். அருகே கடலுள் ஒரு தீவுக்கூட்டம் இருப்பதைப் பலர் அறிவதில்லை. அதனைப் பற்றி ஈண்டுச் சிறிது காண்போம்.

தீவுகளின் அமைப்பு

இராமேசுவரத்திற்கும் தூத்துக்குடிக்கும் இடையே, கரையிலிருந்து சில கல் தொலைவில் 21 சிறு தீவுகள் கணக்கிடப்பட்டன. மண்டபம், கீழக்கரை, வேம்பார், தூத்துக்குடி என நான்கு தொகுதிகளாக இவற்றைப் பிரிப்பர். குருசடை, நல்லதண்ணி, உப்புதண்ணி, காரைச்சல்லி, வான் தீவு என்பன அவற்றுட் சில. விலங்கியல் மாணவர் பாடத்தில் படிக்கும் பலனோகிளாசஸ் என்னும் அரிய உயிரி குருசடைத் தீவில் வாழ்கிறது.

மூழ்கி வாழ்ந்தவர்கள்

இன்று இலட்சத்தீவிலும் அந்தமானிலும் பயணிகள் காற்று உருளையை முதுகில் சுமந்து, கடலடிக் காட்சிகளைக் காண மூழ்குகின்றனர். நம் பரதவரோ எக்கருவியுமின்றிப் பிழைப்புக்காகவே மூழ்கினர். கனமான கல்லின் துணையால் விரைந்து அடியிறங்கி, மூச்சடக்கி, முத்துச் சிப்பிகளை வலைப்பையில் சேர்த்தனர். மேலே படகில் இருந்தவர் கயிற்றை இழுத்து அவர்களைக் கரையேற்றினார். கொற்கை முத்தின் புகழ் இவர்தம் மூச்சில் விளைந்ததன்றோ! சிப்பிகள் அருகியமையால் 1961க்குப் பின் முத்துக்குளிப்பு நடைபெறவில்லை.

பவளமும் தீவும்

பவளம் கல்லன்று, நுண்ணிய உயிரிகள் கடல்நீரிலுள்ள சுண்ணாம்புச் சத்தால் கட்டிய வீடு. அவ்வுயிரிகளின் உடலில் தங்கும் பாசியே அவற்றுக்கு உணவும் நிறமும் தருகிறது. பாசிக்கு வெயில் வேண்டும். ஆகவே தெளிந்த, ஆழமற்ற நீரிலேயே பவளம் செழிக்கும். இப்பவளத் திட்டுகள் அலையின் வேகத்தைத் தடுப்பதாலேயே தீவுகளின் மணல் நிலைத்து நிற்கிறது.

இதை அறியாமல் பல்லாண்டுகள் பவளத்தை வெட்டிச் சுண்ணாம்புக் காளவாய்க்கும் கட்டட வேலைக்கும் அனுப்பினர். விளைவு என்ன? பூவரசன்பட்டி, விலாங்குசல்லி என்னும் இரு தீவுகள் கடலில் மூழ்கின. 1986இல் இப்பகுதி கடல்வாழ் உயிரினத் தேசியப் பூங்காவாயிற்று. 1989இல் 10,500 சதுர கிலோமீட்டர் பரப்பு உயிர்க்கோளக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. 2001இல் பவளம் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் பட்டியலில் சேர்க்கப்பட்டது. ஆயினும் கேடு வேறு வழியிலும் வருகிறது. 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் கடல்நீர் மிகுதியாகச் சூடேறியதால் பவளங்கள் தம் பாசியை இழந்து வெளிறின, பல மாண்டன.

நம் கடமை

வனத்துறையின் அனுமதியின்றி இத்தீவுகளில் இறங்குதல் கூடாது. அனுமதி பெற்றுச் செல்வோரும் பவளத்தை மிதித்தலோ ஒடித்தலோ தகாது. விரல்நீளக் கிளை ஒன்று வளரப் பல ஆண்டுகள் ஆகின்றன. ஒடிக்கவோ ஒரு நொடி போதும். நினைவுப்பொருள் என்று ஒருவர் விலைகொடுத்து வாங்கினால், அதற்காக மற்றொருவர் கடலடியில் வெட்டுகிறார். இயற்கையை விரும்புதல் வேறு. அதனை வீட்டுக்கு எடுத்துவருதல் வேறு. மூழ்கிய இரு தீவுகளும் இவ்வேறுபாட்டை நமக்கு உணர்த்துகின்றன. அடுத்த சுற்றுலாவில் தீவுகளைக் கண்ணாரக் கண்டு, வெறுங்கையோடு திரும்புவோமாக!