படகின் சேமக்கலமும் அதன் இருப்பும்

விழிஞ்ஞம் என்றவுடன் இன்று பலர்க்கும் நினைவில் எழுவது, 2025 மே 2-ஆம் நாள் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்ட பன்னாட்டுத் துறைமுகமே. இயற்பியல் பயில்வோர்க்கு வேறொன்றும் நினைவு வரலாம். கடல் அலையிலிருந்து மின்சாரம் எடுக்கும் 150 கிலோவாட் சோதனை நிலையம் 1991-இல் அங்கேதான் அமைந்தது. இவை பெரிய செய்திகள். நான் எழுத முற்பட்டதோ, அவ்வூர் மீன்பிடித் துறையில் நிற்கும் ஒரு சிறு படகின் பலகைக்கு அடியில் இருக்கும் பெட்டியைப் பற்றி. நூல்களில் அதற்குச் சேமக்கலம் என்று பெயர், கடைத்தெருவில் பாட்டரி.

என்னுடன் பயிலும் நண்பர் ஒருவர் குமரி மாவட்டக் கடற்கரையைச் சேர்ந்தவர். அவருடைய தந்தையார் விழிஞ்ஞத்தில் தங்கித் தொழில் செய்கிறார். சென்ற விடுமுறையில் அவருடைய ஃபைபர் படகில் ஓர் இரவு கடலுக்குச் செல்லும் வாய்ப்பு எனக்குக் கிட்டியது. அப்படகின் எந்திரம் கயிற்றை இழுத்துக் கிளப்புவது. பாட்டரிக்கு மின்னேற்றும் அமைப்பு அதில் இல்லை. ஆகவே பாட்டரியைக் கரையில் ஒரு கடையில் கொடுத்து ஏற்றிவருவது வழக்கம். அன்று மாலை அதனை ஸ்கூட்டரில் வைத்துக் கொண்டுவந்தனர். நான் உடனே என் மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தேன். 12.9 வோல்ட் காட்டியது. "நன்றாக நிரம்பியிருக்கிறது, மாமா" என்று கற்றவனின் மிடுக்கோடு சொன்னேன்.

இரவு இரண்டு மணி அளவில் விளக்கு மங்கியது. வயர்லெஸில் மற்றப் படகுகளின் பேச்சு தெளிவாகக் கேட்டது. மறுமொழி சொல்ல மாமா பொத்தானை அழுத்தினார், கருவி அணைந்தது. விரலை எடுத்தால் உயிர் வந்தது. அழுத்தினால் மீண்டும் அணைந்தது. "கேக்கத்தான் முடியுது மக்களே, பேச முடியல்லியே" என்றார். கடல் அமைதியாக இருந்தமையால் கேடொன்றும் நேரவில்லை.

எனினும் என் மனம் அமைதி கொள்ளவில்லை. 2017 நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயல் இக்கடலைத் தாக்கியபோது, முன்னரே தொலைவுக்குச் சென்றிருந்த படகுகளை எச்சரிக்கை எட்டவில்லை. பலர் திரும்பவே இல்லை. அதன்பின், கரையிலிருந்து செய்தி பெறும் நாவிக் கருவிகள் படகுகளுக்கு வழங்கப்பட்டன. கருவி எதுவாயினும் அதற்கு உணவு பாட்டரியிலிருந்தே வரவேண்டும். அதன் இருப்பை அறிவது எப்படி?

கலத்தினுள் நிகழ்வது

ஈயச் சேமக்கலத்தை 1859-இல் பிரெஞ்சு அறிஞர் பிளாண்டே உருவாக்கினார். 12 வோல்ட் பாட்டரியில் ஆறு அறைகள் உண்டு. ஒவ்வோர் அறையும் 2.1 வோல்ட் அளவில் தரும். ஒரு தகட்டில் ஈயம், மற்றொன்றில் ஈய டை ஆக்சைடு, இடையே நீர்த்த கந்தக அமிலம். மின்சாரம் எடுக்கும்போது இரு தகடுகளிலும் ஈய சல்பேட் படிகிறது, அமிலம் நீர்த்துப்போகிறது. மின்னேற்றும்போது இது எதிர்த்திசையில் நடந்து, தகடுகள் பழைய நிலை எய்துகின்றன.

இதில் ஒரு நுட்பம் உண்டு. சல்பேட்டை நெடுநாள் நீக்காது விட்டால் அது கெட்டிப் படிகமாக இறுகிவிடும். பிறகு எளிதில் கரையாது. தகட்டின் அந்தப் பகுதி பயனற்றுப் போகும். அரைகுறையாக ஏற்றி, மீண்டும் மீண்டும் பயன்படுத்தும் பாட்டரிக்கு நேர்வது இதுவே.

மீட்டர் எப்போது மெய் சொல்லும்?

மின்னேற்றியிலிருந்து எடுத்தவுடன் தகடுகளின் மேற்பரப்பை ஒட்டிய அமிலம் மட்டும் செறிவாக இருக்கும். துளைகளின் உள்ளே அது இன்னும் பரவியிராது. ஆதலால் மீட்டர் உயர்ந்த எண்ணைக் காட்டும். நான் ஏமாந்தது இங்கேதான். ஏற்றாமலும் எடுக்காமலும் சில மணி நேரம் ஓய்வாக வைத்தபின் அளந்தால் ஏறத்தாழ உண்மை தெரியும்:

முழு இருப்பு: 12.7 வோல்ட்
முக்கால்: 12.4
பாதி: 12.2
கால்: 12.0
வெறுமை: 11.8

முழுமைக்கும் வெறுமைக்கும் இடையே ஒரு வோல்ட்டுகூட இல்லை. ஆகையால் முள் காட்டும் மீட்டரைவிட, பத்தில் ஒரு வோல்ட்டைப் பிரித்துக் காட்டும் எண் மீட்டரே ஏற்றது. மூடி திறக்கும் பாட்டரியாயின், அமிலத்தின் ஒப்படர்த்தியை ஹைட்ரோமீட்டரால் அளப்பது இன்னும் நம்பத்தக்கது. முழு இருப்பில் 1.265 அளவில் நிற்பது பாதியில் 1.19 அளவுக்கு இறங்கும். வெப்ப நாடுகளுக்கென அமிலத்தைச் சற்று நீர்க்கச் செய்து விற்பதும் உண்டு. அவற்றிற்கு இவ்விரு அளவுகளும் சிறிது குறையும். ஓர் அறை மட்டும் மற்ற ஐந்திலிருந்து வெகுவாக வேறுபட்டால், அந்த அறை கெட்டுவிட்டது எனக் கொள்ளலாம்.

இன்னொரு சோதனையும் உண்டு. வயர்லெஸ் கேட்பதற்கு அரை ஆம்பியர் போதும். பேசுவதற்கு ஐந்தாறு ஆம்பியர் வேண்டும். பேசும் பொத்தானை அழுத்தும்போது மின்னழுத்தம் 11.5-க்குக் கீழே சரிந்தால் பாட்டரியோ இணைப்போ பழுது என்று அறியலாம். இச்சோதனையைக் கரையிலேயே செய்திருக்கவேண்டும்.

வரவும் செலவும்

கரை சேர்ந்தபின் பாட்டரியை ஓர் இரவு முழுவதும் ஏற்றி, சில மணி ஓய்வுக்குப் பின் 60 வாட் வாகன விளக்கை அதில் இணைத்தோம். அவ்விளக்கு 5 ஆம்பியர் இழுக்கும். பாட்டரியின் மேல் 100 ஆம்பியர்-மணி என்று எழுதியிருந்தது. புதிதாயின் அவ்விளக்கு 20 மணி எரியவேண்டும். 11 மணியில் 10.5 வோல்ட்டைத் தொட்டது. உடனே நிறுத்தி மீண்டும் ஏற்றினோம். எழுத்தில் 100, உள்ளே இருந்தது 55.

இனிப் படகின் ஓர் இரவுச் செலவு. விளக்கு 1 ஆம்பியர் வீதம் 10 மணிக்கு 10, திசைகாட்டும் ஜி.பி.எஸ்., ஆழமறியும் கருவி இரண்டுக்கும் 10; வயர்லெஸ் கேட்க 5, பேச 1. ஆக 26 ஆம்பியர்-மணி. ஈயப் பாட்டரியில் பாதிக்குமேல் எடுக்காதிருப்பது அதன் ஆயுளுக்கு நல்லது. 55-இல் பாதி 27. அதாவது, முழுதும் ஏற்றினால் ஓர் இரவுக்கு மட்டுமே அது தாங்கும். மாமாவோ இரண்டு இரவு பயன்படுத்திவிட்டு, கடையில் இரண்டு மணி நேரம் ஏற்றி எடுத்துவந்து மூன்றாம் இரவும் சென்றிருக்கிறார்.

இரண்டு மணி ஏன் போதாது? முதல் எண்பது பங்கு விரைவாக ஏறும். எஞ்சிய இருபது பங்கு மிக மெதுவாகவே ஏறும். 14.4 வோல்ட்டில் நிறுத்தி, ஏறும் ஆம்பியர் வெகுவாகக் குறையும்வரை காத்திருக்கவேண்டும். அன்றியும் எடுத்ததைவிடச் சற்று அதிகமாகவே திருப்பித் தரவேண்டும். ஒரு பகுதி வெப்பமாகவும் வாயுவாகவும் வீணாகிறது.

பேணும் முறை

1. எடுத்த பாட்டரியை அன்றே முழுதும் ஏற்றுக.
2. தகடுகள் எப்போதும் மூழ்கியிருக்கவேண்டும். குறைந்தால் காய்ச்சி வடித்த நீரே ஊற்றுக. கிணற்று நீரும் வேண்டா, அமிலமும் வேண்டா.
3. உப்புக்காற்றில் முனைகளில் பூக்கும் பூச்சைச் சோடா உப்புக் கரைசலால் கழுவித் துடைத்து, வாசலின் தடவுக. கரைசல் அறைகளுக்குள் புகாதிருக்கட்டும்.
4. ஏற்றும்போது ஹைட்ரஜன் வெளிப்படும். காற்றில் நூற்றுக்கு நான்கு பங்கு சேர்ந்தாலே தீப்பற்றும். மூடிய இடத்தில் ஏற்றாதீர். அருகே பீடியும் வேண்டா.
5. வெயிலில் வைக்காதீர். மிகு வெப்பம் ஆயுளை உண்ணும்.
6. எந்திரம் கிளப்பும் லாரிப் பாட்டரியை விளக்குக்கு வாங்காதீர். அதன் தகடுகள் மெல்லியவை, நொடிப்பொழுது வேலைக்கானவை. வீட்டு இன்வெர்ட்டருக்குரிய குழாய்த்தகட்டுப் பாட்டரியே நெடுநேரம் கொடுக்க வல்லது.

இக்கணக்கு படகுக்கு மட்டும் உரியதன்று. 2021-இல் கேரள அரசு தங்கும் வண்டிச் சுற்றுலாவுக்குக் கொள்கை வகுத்தது. அத்தகைய வண்டியில் விளக்கும் விசிறியும் குளிர்பெட்டியும் இயங்குவது எந்திரப் பாட்டரியால் அன்று. தனியே வைத்த மற்றொரு பாட்டரியால். அதிலும் இதே வரவு செலவுதான். லிதியம் இரும்புப் பாஸ்பேட் பாட்டரி வைத்தவர் மட்டும் வோல்ட்டை நம்பலாகாது. அதன் அழுத்தம் நெடுநேரம் 13.2 அளவிலேயே நின்று, இறுதியில் திடுமென விழும். போன ஆம்பியரையும் வந்த ஆம்பியரையும் எண்ணிக் காட்டும் கருவியே அதற்குத் துணை.

இப்போது அப்படகில் பாட்டரிப் பெட்டியின் மூடிக்குள் ஒரு சிறு குறிப்பேடு இருக்கிறது. புறப்படுமுன் ஓய்வு வோல்ட், திரும்பியபின் ஓய்வு வோல்ட், ஏற்றிய மணி என மூன்று எண்களை மாமா எழுதுகிறார். புதுப் பாட்டரி வாங்கும்வரை ஓர் இரவுக்குமேல் கடலில் தங்குவதில்லை என்றும் முடிவு செய்துள்ளார். நண்பர்களே, நம் வீட்டாரும் ஊராரும் நாள்தோறும் கையாளும் பொருள்களின் கணக்கை நாம் சென்று கற்றுச் சொன்னால் அவர்கள் கேட்பார்கள். ஆனால் சொல்லுமுன் ஒரு முறைக்கு இரு முறை அளந்து சொல்வோம். எனக்கு அதைக் கற்பித்தது அந்த 12.9 வோல்ட்.