பாதிப் பாதியா, இரண்டும் முழுசா?

கேள்வி: அப்பா தமிழர், அம்மா சீனர். கோயிலில் என்னைச் சீனப் பெண் என்கிறார்கள். அம்மா வீட்டு விருந்தில் இந்தியப் பெண். 'உண்மையில் நீ யார்?' என்று கேட்பவர்களுக்கு என்ன சொல்வது?
- ஒரு வாசகி, சிங்கப்பூர்

பதில்: ஒற்றைச் சொல்லில் பதில் வேண்டும் என்று அரசாங்கமே இப்போது கேட்பதில்லை. 2011 ஜனவரி முதல் உங்கள் ஊரில் குழந்தையின் பிறப்புச் சான்றிதழில் இரண்டு இனங்களையும் சேர்த்தே பதியலாம். வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீடு வாங்கும்போது மட்டும், இன விகிதக் கணக்கில் முதலில் எழுதிய இனம்தான் சேரும். அது அலுவலகக் கணக்கு; அதைக் கொண்டு உங்களை அளக்க வேண்டாம்.

மலாக்கா செட்டிகளைப் பாருங்கள். சுல்தான்கள் காலத்தில் வந்த தமிழ் வணிகர்கள் உள்ளூர்ப் பெண்களை மணந்து உருவான சமூகம். பேசுவது மலாய், கும்பிடுவது மாரியம்மனை, பெண்கள் உடுத்துவது கெபாயா. போகியும் பொங்கலும் இன்றும் உண்டு.

அன்பாகக் கேட்பவரிடம் இரண்டு வீட்டுக் கதையையும் சொல்லுங்கள். வம்புக்குக் கேட்பவருக்கு உங்கள் பெயர் போதும். இரண்டு மொழியையும் விடாதீர்கள். அப்பத்தாவிடம் தமிழும், அம்மாவின் தாயாரிடம் அவர் மொழியும் பேச வந்துவிட்டால், முகத்தைப் பார்த்துக் கணக்குப் போடுகிறவர்களை நீங்கள் சட்டை செய்ய மாட்டீர்கள்.